நெல்சுணையும் வெள்ளைச் சொட்டு மருந்தும்

"கண்ணுல பூ விழுந்திருச்சு" என்று கிராமங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கறுத்த விழியின் நடுவே பால் சிந்தி உறைந்ததுபோல ஒரு வடு. எப்படி வந்தது என்று கேட்டால் பதில் மிகச் சின்னதாக இருக்கும். கதிரடிக்கும்போது நெல் தெறித்தது. கரும்புச் சோகை கீறியது. பால் கறக்கக் குனிந்தபோது மாடு வாலை வீசியது. அன்றைக்கு உறுத்தலும் கண்ணீரும் மட்டும்தான். இரண்டொரு நாளில் கண் சிவந்தது, பிறகு கூச்சமும் வலியும், ஒரு வாரத்துக்குள் விழியில் வெள்ளை.

ஒரே களத்தில் வேலை செய்யும் பத்துப் பேர் கண்ணிலும் தூசு விழுகிறது. பெரும்பாலோர் முகம் கழுவிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். யாரோ ஒருவருக்கு மட்டும் பார்வையே போகிறது. ஏன்? அப்படிப்பட்டவர் மருத்துவமனைக்கு வந்து சேரும்போது மருத்துவர் கையில் இரண்டு மருந்துகள் இருந்தால், எதைக் கொடுப்பது? முதல் கேள்விக்கு உடற்கூறு விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை காண மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் மருத்துவமனைகளில் 323 நோயாளிகள் துணைநிற்க வேண்டியிருந்தது. அந்த விடையைக் கண்ட விதத்தைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல ஒரு படலம் மூடியிருக்கிறது. கண்தான அறிவிப்புகளில் கருவிழி என்று சொல்வது இதைத்தான். மருத்துவர்கள் கார்னியா என்பார்கள். பெயரில் கருமை இருந்தாலும் இதற்கு நிறமே கிடையாது. பின்னாலுள்ள கருமை இதன் வழியே தெரிகிறது, அவ்வளவுதான். நடுவில் இதன் தடிமன் அரை மில்லிமீட்டர் சொச்சம். மேலே மெல்லிய தோல் போன்ற அடுக்கு. அதன் கீழே கொலாஜன் என்ற புரத இழைகள், கோரையை வரிசை தப்பாமல் வைத்து முடைந்த பாய்கள் பலவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்ததுபோல அடுக்கியிருக்கின்றன. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. கிழிந்த பாயை அவசரத்தில் கண்டபடி தைத்தால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத் தெரியுமல்லவா? காயம்பட்ட கருவிழியை உடல் அப்படித்தான் ஒட்டுப்போடுகிறது. ஒழுங்கில்லாத இழைகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. நமக்கு அது வெண்மையாகத் தெரிகிறது. பூ என்று நாம் சொல்வது, ஆறிய புண்ணின் தையல்.

மேல்தோல் மட்டும் சிராய்த்தால் பயமில்லை. பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து ஓரிரு நாளில் மூடிவிடும். அந்த ஓரிரு நாளுக்குள், திறந்த கதவு வழியாகக் கிருமி நுழைந்துவிட்டால் கதை வேறு. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளி தடைபடும். ஆனால் உடலின் காவல்படை ரத்தத்தில்தானே பயணிக்கிறது? இங்கே அது ஓரத்திலிருந்து மெல்ல ஊர்ந்து வரவேண்டும். அது வருவதற்குள் உள்ளே நுழைந்தது குடியேறிவிடுகிறது. இதுதான் கருவிழிப் புண்.

நுழைவது எது என்பதில்தான் நம் ஊருக்கும் குளிர்நாடுகளுக்கும் பெரிய வேறுபாடு. 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். சுமார் 65 சதவீதம் பேருக்குக் கண்ணில் முன்பே அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து அடையாளம் தெரிந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்குப் பாக்டீரியா. ஏறத்தாழ அதே அளவினருக்குப் பூஞ்சை. அந்தப் பூஞ்சைகளில் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு. வாழை விவசாயிகளுக்கு இது புதிய பெயராக இருக்காது. வாழையைத் தாக்கும் வாடல் நோய் இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சையின் வேலைதான். மண்ணிலும் பயிரிலும் வாழும் உயிரி, நெல்சுணையின் நுனியில் ஏறி மனிதக் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. மதுரை மாவட்டத்தில் 1990-களில் போட்ட கணக்குப்படி ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கு லட்சத்துக்கு 11. பத்து மடங்கு. வயலில் வெறும் கண்ணோடு வேலை செய்பவர்களின் நோய் இது. ஏழைகளின் நோய் என்றும் சொல்லலாம். பணக்கார நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் இதைப் பற்றி வெகுகாலம் பெரிதாகக் கவலைப்படாததற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

புண்ணுக்குக் காரணம் பூஞ்சைதான் என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? வழி எளிமையானது. கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டுப் புண்ணின் விளிம்பில் துளியூண்டு சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடுகிறார்கள். இந்தக் காரம் மனிதச் செல்களைக் கரைத்துவிடும். பூஞ்சையின் சுவர் கெட்டியானது, கரையாது. நுண்ணோக்கியில் பார்த்தால், தண்ணீர் வற்றிய குளத்தில் வேர்கள் தெரிவதுபோலக் கிளைவிட்ட இழைகள் தெரியும். சில நிமிடங்களில் பாதி விடை கிடைத்துவிடுகிறது. எந்தப் பூஞ்சை என்று அறிய அதை வளர்த்துப் பார்க்கவேண்டும்; அதற்கு நாட்கள் ஆகும்.

இப்போது மருந்துகளுக்கு வருவோம். முதலாவது நாட்டமைசின். 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிடமிருந்து கிடைத்தது. அந்த ஊரின் பெயரே மருந்துக்கும் நிலைத்துவிட்டது. சீஸ் கட்டியின் மேல் பூசணம் பிடிக்காமலிருக்கப் பூசுவதும் இதைத்தான். கண்ணுக்கான 5 சதவீதச் சொட்டு மருந்தாக 1978-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தண்ணீரில் சரியாகக் கரையாது; குலுக்கினால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருக்கும், கண்ணில் விட்டால் மேலே திப்பியாகப் படியும். கருவிழிக்குள் ஆழமாக ஊறாது என்பது இதன்மேல் சொல்லப்பட்ட பெரிய குறை.

இரண்டாவது வோரிகோனசோல். 2002-இல் வந்த புது மருந்து. ரத்தத்திலும் நுரையீரலிலும் பரவும் கொடிய பூஞ்சைத் தொற்றுகளில் உயிர் காத்த மருந்து என்ற பெயரோடு வந்தது. தெளிவான திரவம். கருவிழிக்குள் நன்றாக ஊறும். ஆய்வுக்கூடத் தட்டுகளில் பலவகைப் பூஞ்சைகளை அடக்கியது.

இரண்டும் குறிவைப்பது ஒரே பொருளை. நம் செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருப்பதுபோலப் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற பொருள் இருக்கிறது. நமக்கு இல்லாதது, பூஞ்சைக்கு இல்லாமல் முடியாதது. மருந்துக்கு இதைவிட நல்ல குறி வேறில்லை. பூஞ்சையை ஒரு வீடு என்றால் எர்கோஸ்டிரால் அதன் செங்கல். வோரிகோனசோல் செங்கல் சூளையை மூடிவிடுகிறது. புதுச் சுவர் எழும்பாது. நாட்டமைசினோ ஏற்கெனவே கட்டிய சுவரின் செங்கற்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் சவ்வின் வழியாகச் சத்துப் பொருள்கள் உள்ளே போகும் வாசல்கள் அடைபடுகின்றன.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ஆழமாக ஊறும் புது மருந்தா, மேலே படிந்து நிற்கும் பழைய மருந்தா? கருவிழி வல்லுநர்களிடமே இதைக் கேட்டுப் பார்த்தார்கள். அன்றாடம் பெரும்பாலோர் எழுதிக்கொடுத்தது நாட்டமைசின்; விலையும் கிடைப்பதும் ஒரு பொருட்டில்லை என்றால் பெரும்பாலோர் விரும்பியது வோரிகோனசோல். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"இத்தனை ஆண்டு அனுபவமுள்ள மருத்துவருக்கு எது நல்லதென்று தெரியாதா?" என்று தோன்றலாம். இங்கேதான் ஒரு நுட்பமான கண்ணி இருக்கிறது. காவிரிக் கரை விவசாயியிடம் கேட்டால் அவர் உடனே புரிந்துகொள்வார். புது நெல் ரகத்தைத் தலைமடையிலும் பழைய ரகத்தைக் கடைமடையிலும் நட்டுவிட்டு, அறுவடையில் புது ரகம் ஜெயித்தது என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்வாரா? தண்ணீர் முதலில் பாய்வது தலைமடைக்கு. ஜெயித்தது ரகமா, தண்ணீரா? மருத்துவரின் அறையிலும் இப்படித்தான். விலை கூடிய மருந்தை வாங்க வசதியுள்ளவர் சீக்கிரமே மருத்துவமனைக்கு வந்திருப்பார், ஒழுங்காகச் சொட்டு விட்டிருப்பார். புது மருந்துக்கு நல்ல பெயர் கிடைக்கும். மாறாக, மருத்துவர் நிலைமை மோசமான கண்களுக்கு மட்டும் புது மருந்தை எடுத்து வைத்தால், அதற்குக் கெட்ட பெயர் கிடைக்கும். மருத்துவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அனுபவம் மட்டும் இந்தக் கலப்பைப் பிரித்துக் காட்டாது.

இதற்கு மாற்று வயலில்தான் பிறந்தது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920-களில் ரொனால்டு ஃபிஷர், எந்தப் பாத்தியில் எந்த உரம் என்பதை ஆய்வாளர் முடிவு செய்யக்கூடாது, குலுக்கல் முடிவு செய்யட்டும் என்றார். தலைமடைப் பாத்தியும் கடைமடைப் பாத்தியும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். நாம் அறிந்த வேறுபாடுகள் மட்டுமல்ல, நமக்குத் தெரியாத வேறுபாடுகளும் சமமாகிவிடும் என்பதுதான் இதன் அழகு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரிட்டனில் நடத்தி 1948-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையை மருத்துவத்தில் ஊன்றியது. சமவாய்ப்பு ஆய்வு என்று இதைத் தமிழில் சொல்கிறோம். பூவா தலையா போட்டு வைத்தியம் பார்ப்பதா என்று மனம் கூசும். ஆனால் எது நல்லதென்று தெரிந்தபிறகு குலுக்கல் போடுவதுதான் தவறு. தராசின் முள் நடுவில் நிற்கிறது, எந்தத் தட்டு கனம் என்று ஒருவருக்கும் உண்மையில் தெரியாது என்ற நிலையில் மட்டுமே இப்படிச் செய்ய அனுமதி உண்டு. இதை நடுமுள் நிலை என்று சொல்லிக்கொள்ளலாம். தெரியாத நிலையில் ஆளுக்கொரு மருந்தைத் தன் எண்ணப்படி கொடுத்துக்கொண்டே போவதும் குலுக்கல்தான். என்ன, அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

அரவிந்த் மருத்துவர்களும் அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் முதலில் 120 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். இரண்டு மருந்துக்கும் இடையே திட்டவட்டமான வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு இல்லை என்பது ஒன்று, வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஆட்கள் போதவில்லை என்பது வேறொன்று. நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஆறு முறை தலை விழுந்தால் நாணயத்தின்மேல் யாரும் குற்றம் சொல்லமுடியாது. ஆயிரம் முறை சுண்டி அறுநூறு முறை தலை விழுந்தால் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தே ஆகவேண்டும். ஆகவே 368 பேரைச் சேர்ப்பதென்று பெரிய ஆய்வுக்குத் திட்டமிட்டார்கள். மருத்துவர் வெங்கடேஷ் பிரஜ்ஞா முன்னின்று நடத்த, 2010 ஏப்ரலில் சேர்க்கை தொடங்கியது. சுரண்டல் சோதனையில் இழைப் பூஞ்சை உறுதியானவர்கள் மட்டும் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு 5 சதவீத நாட்டமைசின், மறு பாதிக்கு 1 சதவீத வோரிகோனசோல். விழித்திருக்கும் நேரமெல்லாம் முதல் வாரம் மணிக்கு ஒரு சொட்டு. பிறகு மூன்று வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கு ஒரு சொட்டு. வலிக்கும் கண்ணோடு இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, வீட்டில் யாருக்காவது சொட்டு மருந்து விட்டவர்கள் அறிவார்கள்.

யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. இதற்கு இருவழி மறைப்பு என்று பெயர். பார்வையை அளக்கிறவர் நல்லெண்ணத்தில், "இன்னும் ஒரு வரி முயற்சி பண்ணுங்கம்மா" என்று ஒரு பக்கத்தாரிடம் மட்டும் சற்றுக் கூடுதலாகச் சொன்னாலே முடிவு சாய்ந்துவிடும். திரை போட்டுவிட்டால் அந்த அன்பும் இரண்டு பக்கமும் சமமாகப் போகும். அளவுகோலாக வைத்தது மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் பார்வை. பூஞ்சை செத்ததா என்பதை அளவுகோலாக வைக்கவில்லை. இது சரியான தேர்வு. நோயாளிக்கு வேண்டியது ஊசியில் நூல் கோக்கும் கண், பேரப்பிள்ளையின் முகம் தெரியும் கண்; ஆய்வுக்கூடத் தட்டில் என்ன வளர்ந்தது என்பது அவருக்கு எதற்கு?

ஆய்வு நடக்கும்போதே அதைச் சாராத ஒரு கண்காணிப்புக் குழு எண்களைப் பார்த்துவந்தது. 368 பேர் சேரும்வரை காத்திருக்கவில்லை. ஒரு பக்கத்தில் கருவிழி ஓட்டையாவதும், ஓட்டையைத் தடுக்க அவசரமாகக் கருவிழி மாற்றவேண்டி வருவதும் அதிகமாக இருந்தது. குழுவின் சொல்படி 323 பேரோடு சேர்க்கை நின்றது.

திரை விலகியபோது பின்தங்கியிருந்தது புது மருந்து.

நாட்டமைசின் பெற்றவர்களின் பார்வை, சராசரியாக எழுத்துப் பலகையில் ஏறக்குறைய இரண்டு வரி மேலாக இருந்தது. கருவிழி ஓட்டையாகும் அல்லது அவசர மாற்று தேவைப்படும் வாய்ப்பு அவர்களுக்குப் பாதிக்கும் குறைவு. பூஞ்சைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இன்னும் தெளிவாயிற்று. ஃபியூசேரியம் தாக்கிய 128 பேரில் வேறுபாடு நான்கு வரி. மற்றப் பூஞ்சைகளில் இரண்டு மருந்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான்கு வரி என்பதைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். பேருந்தின் பெயர்ப்பலகையைத் தானே படித்து ஏறுவதற்கும், பக்கத்திலிருப்பவரிடம் கேட்டு ஏறுவதற்கும் உள்ள தூரம் அது. முடிவுகள் 2013-இல் வெளிவந்தன.

ஆழமாக ஊறாத மருந்து எப்படி வென்றது? தட்டில் நடக்கும் போரில் மருந்து எப்போதும் பூஞ்சையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. கண்ணிலோ கண்ணீர் இருக்கிறது, இமை சிமிட்டுகிறது. தெளிவான திரவம் சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடும். திப்பியாகப் படியும் வெள்ளை மருந்து புண்ணின்மேல் தங்குகிறது. மேல்தோல் உரிந்த புண்ணில் மருந்து இறங்கத் தடையும் குறைவு. மேலும் ஃபியூசேரியத்துக்கு வோரிகோனசோலைத் தாங்கும் திறன் இயல்பாகவே அதிகம். இவை பொருத்தமான விளக்கங்கள். ஆனால் விளக்கம் பிறகு வந்தது, முடிவு முன்னால் வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். "ஊறுவதால் வெல்லும்" என்ற பழைய விளக்கமும் இதே அளவு பொருத்தமாகத்தான் ஒலித்தது.

இந்த முடிவுக்கு எல்லையும் உண்டு. 5 சதவீத மருந்தை 1 சதவீத மருந்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மிக முற்றிய புண்கள் இதில் சேரவில்லை. முற்றிய புண்களுக்காகத் தனியே இரண்டாவது ஆய்வு நடந்தது. இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேர். சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் கொடுத்தால் கண் தப்புமா என்பது கேள்வி. முதல் ஆய்வின் முடிவு தெரிந்ததும், நடுவழியிலேயே இதில் இருந்த எல்லோருக்கும் நாட்டமைசின் சொட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வில் இந்தப் பொறுப்பு இருக்கவேண்டும். 2016-இல் வந்த விடை: மாத்திரையால் கருவிழி ஓட்டையாவது குறையவில்லை, பக்கவிளைவுகள் கூடின.

ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நேபாளமே நல்ல எடுத்துக்காட்டு. பக்தபூரில் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள், கண்ணில் சிராய்ப்போடு வந்தவர்களுக்கு மூன்று நாள் குளோராம்ஃபெனிகால் களிம்பு போட்டார்கள். 96 சதவீதம் பேருக்குப் புண் வரவில்லை என்று 2001-இல் வெளியானபோது உலகமே வியந்தது. ஆனால் சிராய்ப்புகள் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடுபவை. களிம்பு போடாதவர்களில் எத்தனை பேருக்கு ஆறியிருக்கும்? பிறகு நேபாளத்தில் 24 ஊர்த்தொகுதிகளைக் குலுக்கிப் பிரித்து, பாதியில் மட்டும் இந்தத் தடுப்புத் திட்டத்தை நடத்திப் பார்த்தபோது, இரு பக்கமும் கருவிழிப் புண்ணின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பணியாளர்களின் உழைப்பை இது சிறுமைப்படுத்தாது. அடுத்த வழியைத் தேடச் சொல்கிறது.

2017-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் நாட்டமைசின் கண் சொட்டு மருந்தைச் சேர்த்தது. நம் மூன்று ஊர்களுக்கு வந்த அந்த 323 பேரில் பலர் விவசாயிகள், கூலி வேலை செய்பவர்கள். எந்தப் புட்டி தங்களுக்கு வந்தது என்று தெரியாமலே மணிக்கொரு சொட்டு விட்டுக்கொண்டவர்கள். ஆப்பிரிக்காவிலோ தென்கிழக்கு ஆசியாவிலோ பூஞ்சைப் புண்ணோடு வரும் ஒருவருக்கு இன்று மருத்துவர் தயங்காமல் வெள்ளை மருந்தை எடுக்கிறார் என்றால், அது அவர்கள் கொடுத்த அறிவு.

வயலிலோ களத்திலோ கண்ணில் ஏதாவது பட்டால், சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விடாதீர்கள். நாக்கால் தூசு எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, சிவந்த கண்ணுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். சிவப்பும் வலியும் அதில் சட்டென்று அடங்கும். உடலின் காவல் தளர்ந்த அந்த நேரத்தில் பூஞ்சை ஆழமாக இறங்கிவிடும். மறுநாளும் உறுத்தலோ கூச்சமோ மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். என்ன பட்டது என்பதை, நெல்லா, சோகையா, மாட்டு வாலா என்று மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். சுரண்டிப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்ற அந்த ஒரு சொல் போதும்.